கல்யாண சிடி ஓடவில்லையா?

பீரோவின் மேல்தட்டில், ஆல்பத்தோடு சேர்ந்து கிடக்கும் அந்த டிஸ்க்கை வெளியே எடுத்துப் பல வருடம் ஆகியிருக்கும். 2005-ல் நடந்த கல்யாணம். மகள் வளர்ந்து, "அம்மா, உங்க கல்யாணத்துல தாத்தா எப்படி இருந்தாரு?" என்று கேட்கும்போதுதான் அதன் நினைவே வருகிறது. புது லேப்டாப்பில் டிவிடி போட இடமில்லை. யு.எஸ்.பி. டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கிச் செருகினால், உள்ளே சுழலும் சத்தம் கேட்கிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை. "டிஸ்க் போச்சு" என்று மறுபடி பீரோவுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள்.

இப்படிக் கைவிடப்படும் டிஸ்க்குகளில் பல நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அவற்றை ஓட்டிக்காட்டும் மென்பொருள்தான் கம்ப்யூட்டரில் இல்லை.

விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் இருந்த கம்ப்யூட்டரில் டிவிடியைப் போட்டதும் படம் ஓடியது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-இல் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை எடுத்துவிட்டது. டிவிடியில் உள்ள படம் 'எம்பெக் 2' என்ற முறையில் சுருக்கப்பட்டது. அதை விரித்துக் காட்டும் மென்பொருளை விண்டோஸில் சேர்க்கக் காப்புரிமைக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. டிரைவ் இல்லாத கம்ப்யூட்டர்கள் பெருகும்போது அந்தச் செலவு எதற்கு என்று நிறுவனம் முடிவெடுத்தது. அதன்பின் புது கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கு இது தெரியாது. பழுது என்று நினைத்து டிரைவை மாற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இதற்கு இலவசமாக ஒரு வழி உண்டு. பாரிஸ் அருகே எக்கோல் சென்ட்ரால் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தங்கள் வளாக நெட்வொர்க்கில் வீடியோ பார்க்கத் தொடங்கிய முயற்சிதான் பின்னாளில் வி.எல்.சி. பிளேயர் ஆனது. 2001 முதல் அது யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் திறந்த மென்பொருள். எம்பெக் 2-ஐ விரிக்கும் வேலையை அது விண்டோஸிடம் கேட்காமல் தானே செய்துகொள்ளும். அதே பெயரில் போலிகளும் உலவுவதால், வீடியோலேன் அமைப்பின் தளத்திலிருந்து மட்டும் இறக்குவது நல்லது. 'மீடியா' மெனுவில் 'ஓப்பன் டிஸ்க்' கொடுத்தால் போதும். மெனு திரையிலேயே படம் நின்றுபோனால், அதே இடத்தில் உள்ள 'நோ டிஸ்க் மெனுஸ்' என்பதை டிக் செய்துவிட்டு ஓட்டலாம்.

படம் வந்தபிறகு வேறொரு குறை கண்ணில் படும். மணமகன் தாலி கட்டக் கையை அசைக்கும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள். டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துக் கேமராக்கள் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு பாதியாக, ஒற்றைப்படை வரிகளைத் தனியாகவும் இரட்டைப்படை வரிகளைத் தனியாகவும் பதிவு செய்தன. பழைய டிவி அவற்றை மாறிமாறிக் காட்டியதால் வித்தியாசம் தெரியவில்லை. கம்ப்யூட்டர் திரை இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. இடையில் நகர்ந்த கை இரண்டாகப் பிளந்து தெரிகிறது. வி.எல்.சி.யில் 'டி' (D) எழுத்தைத் தட்டினால் கோடுகள் மறையும்.

டிவிடிக்கு முந்தைய விசிடி என்றால் கதை வேறு. ஒரு டிஸ்க்கில் சுமார் 74 நிமிடம்தான் கொள்ளும் என்பதால், ஒரு கல்யாணமே இரண்டு மூன்று டிஸ்க்குகளாகப் பிரிந்திருக்கும். உள்ளே திறந்து பார்த்தால் 'எம்பெக் ஏவி' என்ற ஃபோல்டரில் '.dat' என்று முடியும் பெரிய ஃபைல்கள் இருக்கும். அவற்றைப் பிடித்திழுத்து வி.எல்.சி.யில் விட்டாலே ஓடும்.

டிரைவே கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றால் முதலில் யு.எஸ்.பி. வயரைப் பார்க்க வேண்டும். ஹப் வழியாகச் செருகியிருந்தால் மின்சாரம் போதாமல் போகலாம்; நேராக லேப்டாப்பில் செருக வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் 'டிவைஸ் மேனேஜர்' போய், டிரைவை 'அன்இன்ஸ்டால்' செய்து கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தால் விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கும்.

வெளிநாட்டு உறவினர் வாங்கித் தந்த சினிமா டிஸ்க்குகளில் மட்டும் வரும் தொல்லை, மண்டல எண். இந்தியாவுக்கு 5, சிங்கப்பூருக்கு 3, கனடாவுக்கு 1. டிரைவில் இந்த எண்ணை ஐந்து முறைதான் மாற்ற முடியும். கணக்கு டிரைவுக்குள்ளேயே பதிந்துவிடுவதால் விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் அது அழியாது. கல்யாண டிஸ்க்குகளுக்கு இந்தப் பூட்டு இல்லை.

ஃபோல்டரைத் திறக்கவே கம்ப்யூட்டர் திணறினால்தான் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும். கடையில் விற்ற சினிமா டிஸ்க் அச்சில் அழுத்தி எடுத்தது; ஸ்டூடியோவில் ரைட் செய்தது ஒருவகைச் சாயத்தில் லேசர் போட்ட தடம். வெயிலும் வெக்கையும் பட்டால் அந்தச் சாயம் மங்கும். மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து அதிகத் தகவலைக் கெடுக்கும். விசிடியின் மேல் மணமக்கள் படம் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் உரிக்கவே கூடாது. பதிவு இருப்பது அந்த ஸ்டிக்கருக்குச் சற்றுக் கீழேதான். உரித்தால் பதிவும் சேர்ந்து வந்துவிடும். ஒரு டிரைவ் வாசிக்காத டிஸ்க்கை இன்னொரு டிரைவ் வாசித்துவிடுவதும் உண்டு. பக்கத்து வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஒருமுறை ஓடிவிட்டால், அன்றைக்கே நகல் எடுத்துவிட வேண்டும். டிவிடிக்குள் இருக்கும் 'வீடியோ டி.எஸ்.' ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்தால் போதும், பெரும்பாலும் 4.7 ஜிபிக்கு மேல் போகாத வேலை. அதிலுள்ள ஃபைல்கள் ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவுக்குள்தான் இருக்கும் என்பதால் பழைய பென்டிரைவிலும் ஏறிவிடும். ஃபோல்டருக்கு மணமக்கள் பெயரையும் கல்யாணத் தேதியையும் வைத்து, ஒரு பென்டிரைவை அத்தை வீட்டிலும் ஒன்றைச் சித்தப்பா வீட்டிலும் கொடுத்து வைக்கலாம். தாத்தா பந்தியில் நின்று எல்லோரையும் சாப்பிடச் சொல்லும் அந்த அரை நிமிடம் அதில்தான் இருக்கிறது.