பழம் தாய்க்கு, புழு குஞ்சுக்கு

மரக்காணத்தில் உப்பு விளையும் கோடைதான் சின்னான் பறவைகள் கூடு கட்டும் காலமும். கழுவெளி ஈரநிலத்தின் கரையிலும் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டிலும் களா, காரை, சங்கஞ்செடி, உகாய் என்று பழம் தரும் புதர்கள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. பழம் இருந்தால் குஞ்சு பிழைத்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது பாதி உண்மைதான். பழத்தில் சர்க்கரையும் நீரும் உண்டு, புரதம் குறைவு. பொரித்த குஞ்சோ ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இறகு முளைத்துக் கூட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அதனால் பழந்தின்னியான சின்னான்கூட முதல் நாட்களில் குஞ்சுக்குப் புழுவையும் பூச்சியையுமே ஊட்டுகிறது. பழம், இரைதேடி அலையும் தாய் தந்தைக்கான எரிபொருள். சுற்றிலும் உப்புநீர் நிற்கும் இடத்தில் அதன் ஈரமும் சிறிய விஷயமல்ல. ஆகவே ஒரு புதரை அதன் பழத்தை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது, இலையையும் பார்க்க வேண்டும். கோலோட்டிஸ் பேரின வண்ணத்துப்பூச்சிகள் சில சங்கஞ்செடியிலும் உகாயிலும் முட்டையிடுகின்றன. அந்தப் புழுக்கள் வளர எல்லாச் செடியும் உதவாது.

உண்ணிச்செடியின் பழத்தையும் சின்னான் விரும்பித் தின்கிறதே என்று கேட்கலாம். தின்கிறது. ஆனால் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த அதன் நச்சிலையை உண்ணப் பழகிய உள்ளூர்ப் புழுக்கள் மிகக் குறைவு. பெற்றோருக்குப் பந்தி, குஞ்சுக்குப் பட்டினி. அமெரிக்கத் தோட்டங்களில் கரோலினா சிக்கடி என்ற சிறு பறவையை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டியது: உள்ளூர்த் தாவரங்களின் பங்கு 70 விழுக்காட்டுக்குக் கீழே போன இடங்களில் அதன் இனப்பெருக்கம் இழப்பை ஈடுகட்டவில்லை. சிக்கடி பழத்தைவிடப் புழுவையே அதிகம் நம்பும் பறவை, அதனால் அந்த எண்ணை மரக்காணத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் இலைக்கும் புழுவுக்கும் குஞ்சுக்கும் உள்ள தொடர்பு இங்கும் அதேதான்.

சீமைக்கருவேலத்தையும் அகற்றச் சொன்னால், அதன் முள் கூட்டுக்குக் காவலாகிறது என்ற மறுப்பு எழும். அதில் நியாயம் உண்டு. இருந்தாலும் சதைக்கனி தராத அந்த மரத்தை அகற்றத்தான் வேண்டும். ஆனால் 2021இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியிலும் சரி, உப்பளத்து வரப்பிலும் சரி, கூடு கட்டும் மாதங்களில் ஒரேயடியாக வெட்டுவது தவறு. பகுதி பகுதியாக, கூடு கட்டும் காலம் முடிந்தபின் மழைக்கு முன் வெட்டலாம். அதற்கும் முன்னால், பறவை எச்சத்தில் விழுந்து சீமைக்கருவேலத்தின் நிழலில் தானாக முளைத்திருக்கும் காரை, சங்கஞ்செடிக் கன்றுகளைத் தேடி அடையாளம் கட்டிவிட வேண்டும். கோடாலிக்காரர் கண்ணுக்கு அவை வெறும் முட்செடிகளாகவே தெரியும்.