பாடப்புத்தக 'கியூ.ஆர். கோடு': சாருக்கு தெரியலையா? மாணவன் சொல்லித் தரலாம்!

சென்னை:

பாடப்புத்தகத்தில் கறுப்பு-வெள்ளை புள்ளிகளுடன் சின்னதாக ஒரு சதுரம் இருக்கிறதே, அது எதற்கு? பெற்றோர் பலருக்கு இந்த சந்தேகம் உண்டு. அதுதான் 'கியூ.ஆர். கோடு'.

தமிழக பாடத்திட்டத்தில் 2018-ம் ஆண்டு 1, 6, 9, 11-ம் வகுப்புகளுக்கு புதிய புத்தகங்கள் வந்தபோது இது அச்சிடப்பட்டது. பிறகு மற்ற வகுப்புகளுக்கும் வந்தது.

செல்போனில் 'தீக்ஷா' செயலியை திறந்து, சதுரத்துக்கு நேராக கேமராவை காட்டினால் பாடத்துக்கான வீடியோ வரும். கேமரா சரியில்லை என்றால், சதுரத்தின் கீழே உள்ள 6 இலக்க குறியீட்டை டைப் செய்தாலும் போதும்.

சிக்கல் எங்கே என்றால், வயதில்தான். அரசு ஆசிரியர்களின் ஓய்வு வயது 2020-ல் 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. 6-ம் வகுப்பில் 11 வயது மாணவனுக்கு 59 வயது சார் பாடம் நடத்தலாம். அவர் வேலைக்கு வந்தபோது சாக்பீசும் கரும்பலகையும்தான்.

'பசங்க முன்னாடி தப்பா அமுக்கிட்டா மானம் போயிடுமே' என்ற கூச்சத்தில் சில ஆசிரியர்கள் அந்த சதுரத்தை தொடுவதே இல்லை. பிள்ளைகளுக்கோ யூடியூப் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பார்த்ததில் எது முக்கியம் என்பது சாருக்குத்தான் தெரியும்.

இதற்கு எளிய வழி இருக்கிறது:-

* நெட் கிடைக்கும் இடத்தில் ஆசிரியர் முதல் நாளே வீடியோவை தன் போனில் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளலாம்.

* வகுப்பில் அதை இயக்கும் வேலையை தினம் ஒரு மாணவ-மாணவியிடம் கொடுக்கலாம். 'எப்படிப்பா இது?' என்று சார் கேட்டால் பிள்ளைக்கு பெருமைதான்.

* வீடியோவை நடுவில் நிறுத்தி கேள்வி கேட்கவேண்டும். இதயம் பற்றிய பாடம் என்றால், 'வலது கீழறையில் இருந்து ரத்தம் எங்கே போகும்?' என்று கேட்கலாம். 'நுரையீரலுக்கு' என்று பதில் வந்தபிறகு மீண்டும் ஓடவிடலாம்.

கூச்சப்பட்டு விட்டுவிட்டால் நஷ்டம் யாருக்கு? வசதியான வீட்டுப் பிள்ளை அப்பா போனில் பார்த்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சார் காட்டினால்தான் உண்டு.