மடித்தால் விசிறி, விரித்தால் முகூர்த்தப் புடவை: காகித மடிப்பும் கோயில் விமானமும் கல்யாண உடைக்குள் வருவது எப்படி?

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நாளன்று பஞ்சரத்ன கீர்த்தனை பாட வரிசையாக உட்கார்ந்திருக்கும் வித்வான்களின் தோளைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கவஸ்திரம் சாதாரணமாகத் தொங்காது. மெல்லிய பட்டைகளாக, ஒன்றின் மேல் ஒன்றாக, விறைப்பாக நிற்கும். பார்த்தால் மடக்கி வைத்த பனை ஓலை விசிறி மாதிரி இருக்கும். இதற்கு ஊரில் பெயரே ‘விசிறி மடிப்பு’தான்.

அங்கிருந்து காவிரிக் கரையோடு கிழக்கே போனால் கும்பகோணம். அதைத் தாண்டி மயிலாடுதுறை சாலையில் சுமார் 8 கிலோமீட்டரில் திருபுவனம். இங்கே நெய்யும் பட்டுப்புடவைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் புடவையின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவதும் இதே மடிப்புதான். மற்ற ஊர்ப் பட்டைப் போல சதுரமாக மடிக்காமல், அங்கவஸ்திரம் மாதிரி விசிறி மடிப்பாக மடித்துக் கொடுப்பது திருபுவனத்தின் வழக்கம்.

இப்போது ஃபேஷன் உலகத்தில் ‘ஒரிகாமி கவுன்’, ‘ஆர்க்கிடெக்சரல் பிரைடல்’ என்றெல்லாம் பேசுகிறார்கள். காகிதத்தை மடிப்பது போலத் துணியை மடித்து, கட்டடம் போல நிற்கவைக்கும் கல்யாண உடைகள் அவை. நம்ம ஊர் மணப்பெண்களும் போனில் படத்தைக் காட்டி, “இதே மாதிரி பட்டுல வருமா?” என்று தையல்காரரிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வரும். ஆனால் பட்டு காகிதம் இல்லை என்பதை மறந்துவிட்டால், முகூர்த்தப் புடவையே வீணாகிவிடும்.

மடித்தால் ஏன் விறைப்பு வருகிறது?

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு டம்ளர்களுக்கு நடுவே ஒரு தாளைப் பாலம் போல வையுங்கள். நடுவில் தொய்ந்துவிடும். அதே தாளை மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று விசிறி போல மடித்து வைத்தால், அதன் மேல் இன்னொரு டம்ளரையே வைக்கலாம். தாள் கனக்கவில்லை, வடிவம்தான் மாறியது. தகரக் கூரை ஏன் அலை அலையாக இருக்கிறது என்பதற்கும் காரணம் இதுவே. மடிப்பின் ஆழம் கூடக் கூட வளையாமல் தாங்கும் சக்தி பல மடங்கு கூடும்.

பனை ஓலையும் அப்படித்தான். அது மரத்திலேயே மடிந்தபடி முளைக்கிறது. காசி யாத்திரைக்குக் கிளம்பும் மாப்பிள்ளை கையில் கொடுக்கும் விசிறி, ஒரு வகையில் இயற்கை செய்த ஒரிகாமி.

கட்டடத்துக்கும் துணிக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 13 நிலைகளோடு சுமார் 216 அடி உயரத்துக்கு நிற்கிறது. கல் ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்து, பாரம் கீழ்நோக்கி இறங்குகிறது. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. துணி நேர் எதிர். இழுத்தால் தாங்கும், மேலிருந்து அழுத்தினால் சுருண்டுவிடும். அதனால் விமானத்தைப் பார்த்து உடை வடிவமைப்பவர் கோயிலை அப்படியே தலைகீழாக யோசிக்க வேண்டியிருக்கிறது. கோயிலில் பாரம் அஸ்திவாரத்துக்குப் போகிறது, உடையில் பாரம் முழுக்க இடுப்பிலும் தோளிலும் தொங்குகிறது. மடிப்பு செய்வது என்னவென்றால், தொங்கும் துணிக்கு அழுத்தத்தையும் கொஞ்சம் தாங்கும் குணத்தைக் கொடுப்பது.

அப்படியென்றால் பட்டில் என்ன சிக்கல்?

காகிதத்தை மடித்தால் மடித்த இடத்தில் அதன் இழைகள் நிரந்தரமாக நசுங்கிவிடும். அதனால் மடிப்பு நிற்கும். துணியில் நூல்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, கையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும்.

பருத்திக்கு இதற்கு நெல் விளையும் ஊர் கண்டுபிடித்த மருந்து கஞ்சி. வடித்த கஞ்சியில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டால் வேட்டியும் அங்கவஸ்திரமும் அட்டை மாதிரி நிற்கும். நெசவாளர்கள் பருத்திப் பாவுக்குக் கஞ்சி போடுவதும் நூலுக்கு வலு கொடுக்கத்தான். ஆனால் கஞ்சி ஈரத்துக்கு இளகிவிடும். அதோடு ஜரிகைப் பட்டுக்குக் கஞ்சி போட யாரும் துணிய மாட்டார்கள்.

பாலியஸ்டர் கதை வேறு. அது சூட்டில் இளகி, ஆறினால் அதே வடிவத்தில் இறுகிவிடும். ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே சம்பாதித்த புகழின் பெரும்பகுதி இந்த ஒரு குணத்தை நம்பி வந்தது. உடையைத் தேவையான அளவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தைத்து, அதன் பிறகு காகிதத் தாள்களுக்கு நடுவே வைத்து, சூடான அழுத்தும் இயந்திரத்துக்குள் விடுவார்கள். வெளியே வரும்போது அளவு சுருங்கி, மடிப்பு நிரந்தரமாகியிருக்கும். துவைத்தாலும் போகாது. 1991-ல் வில்லியம் ஃபோர்சைத்தின் நடனக் குழுவுக்கு உடை செய்தபோது, மடிப்புத் துணி உடலோடு எப்படி அசைகிறது என்பதை அவர் பார்த்தார். 1993-ல் ‘பிளீட்ஸ் பிளீஸ்’ வந்தது. 2010-ல் வந்த ‘132 5.’ வரிசை இன்னும் ஒரு படி மேலே போனது. தரையில் தட்டையான பலகோணமாகக் கிடக்கும் துணியைத் தூக்கினால் உடையாக எழும். இதற்கான மடிப்புக் கணக்குக்கு ஜூன் மிதானி என்ற கணினி விஞ்ஞானியின் மென்பொருள் உதவியது.

பட்டுக்கு இந்த வசதி கிடையாது. ஐரோப்பாவில் அதற்கு இரண்டு வழி பார்த்தார்கள். வெனிஸில் மரியானோ ஃபார்ச்சூனி 1907 வாக்கில் செய்த ‘டெல்ஃபாஸ்’ கவுன் மெல்லிய பட்டு மடிப்புகளால் ஆனது. நனைந்தால் மடிப்பு கலைந்துவிடும், மறுபடி மடிக்க அவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். இன்னொரு வழி பட்டையே மாற்றி நெய்வது. ‘கஸார்’ என்ற விறைப்பான பட்டை 1958-ல் ஸ்விஸ் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து உருவாக்கிய பலென்சியாகா, 1967-ல் அதே துணியில் செய்த மணப்பெண் உடையைத்தான் இன்றும் ‘கட்டடம் போன்ற உடை’க்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். அதில் வேலைப்பாடு என்று ஒன்றுமே இல்லை. வெறும் வடிவம்தான்.

நம்ம ஊர் தையல்காரர்களுக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. பரதநாட்டிய உடையைப் பாருங்கள். இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும் விசிறியைத் தையல்காரர்களும் ‘விசிறி’ என்றே சொல்வார்கள். நேராக நிற்கும்போது அது மூடியிருக்கும். அரைமண்டியில் உட்கார்ந்ததும் முழு வட்டத்தில் பாதியாக விரியும். உலகத்தில் எந்த மேடையில் வைத்தாலும் தலைசிறந்த மடிப்பு உடை இது என்று தயங்காமல் சொல்லலாம். 1930-களில் ருக்மிணி தேவி அருண்டேல் காலத்தில் தைத்த உடையாக உருப்பெற்ற வடிவம் இது.

இங்கே மடிப்பு இஸ்திரியை மட்டும் நம்பி நிற்பதில்லை. மேலே இடுப்புப் பட்டியில் தைத்து, உள்பக்கம் மடிப்புக்கு மடிப்பு நூலால் பிடித்துத் தைத்துவிடுகிறார்கள். ஓரத்தில் ஜரிகைக் கரை வருவதால் அதன் எடையே மடிப்பைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு மணி நேரம் ஆடி வியர்த்தாலும் விசிறி கலைவதில்லை. பாரிஸில் அட்டை அச்சுக்கு நடுவே துணியை வைத்து ஆவி காட்டும் பழைய பட்டறைகள் தீர்த்த அதே பிரச்சினையை, இங்கே ஊசியும் நூலும் தீர்த்திருக்கின்றன.

வெட்டலாமா, கூடாதா?

பல வீடுகளில் கல்யாணத்துக்கு முன் சண்டை வருவது இந்த இடத்தில்தான். ஒரிகாமிக்கு ஒரு விதி உண்டு: ஒரே தாள், வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. கொஞ்சம் யோசித்தால் புடவைக்கும் அதே விதிதான். மயிலாடுதுறை கூறைநாட்டுப் பெயரைத் தாங்கிய கூறைப்புடவையானாலும், திருபுவனம் பட்டானாலும், முகூர்த்தத்தில் உடுத்துவது வெட்டாத, தைக்காத ஒரே துணி. அதை வெட்டி கவுனாக்கினால் மகளுக்கோ மருமகளுக்கோ எடுத்துக் கொடுக்க முடியாது. ‘ஏம்மா, அறுத்து வச்சிருக்கியே’ என்று பாட்டி கேட்பது வெறும் சகுனப் பேச்சு இல்லை. பல வீடுகளில் பெண்ணுக்கென்று பெயர் சொல்லும் சொத்தில் அந்தப் பட்டும் ஒன்று.

ஆக, வெட்டாமல் மடித்து மட்டும் வடிவம் கொண்டுவர முடியுமா என்பதே சரியான கேள்வி. கணக்கு இப்படி. கொசுவத்தில் 5 அங்குல அகலத்தில் 7 மடிப்பு எடுத்தால் ஒவ்வொன்றும் 10 அங்குலம் சாப்பிடும். மொத்தம் 70 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.8 மீட்டர். ஐந்தரை மீட்டர் புடவையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். இடுப்பைச் சுற்றி முழுக்க ஒன்றின் மேல் ஒன்று படியும் மடிப்பு வேண்டுமென்றால் சுற்றளவைப் போல மூன்று மடங்கு துணி தேவை. 30 அங்குல இடுப்புக்கு 90 அங்குலம். ஆறு கஜத்தில் இதையும் செய்து, முந்தானையிலும் பெரிய விசிறி வைக்க ஆசைப்பட்டால் துணி போதாது. ஒன்பது கஜம் எடுத்தால் கையில் சுமார் 8.2 மீட்டர் இருக்கும். மடிசார் கட்டும் வீடுகளுக்கு இது தெரிந்த விஷயம்.

கரையும் மடிப்பும் பொருந்த வேண்டும்

படத்தில் அழகாகத் தெரியும் உடைக்கும், கட்டிப் பார்த்தால் ‘என்னவோ இடிக்குதே’ என்று தோன்றும் உடைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான். கோபுரக் கரை போட்ட புடவையில் முக்கோணங்கள் சீரான இடைவெளியில் வரும். மடிப்பின் அகலம் அந்த இடைவெளியோடு ஒத்துப்போனால், ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே இடத்தில் ஒரு முழுக் கோபுரம் தெரியும். விசிறி மூடியிருக்கும்போது நிலை மேல் நிலையாக விமானம் போலவே அடுக்கி நிற்கும். கால் அங்குலம் தவறினாலும் அடுத்தடுத்த மடிப்பில் கோபுரம் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் பாதிக் கோபுரமாக நிற்கும்.

ஆகவே மடிப்பு அளவை முடிவு செய்துவிட்டுப் புடவை வாங்கக் கூடாது. புடவையின் கரையை அளந்துவிட்டு மடிப்பை முடிவு செய்ய வேண்டும். தறியில் சொல்லி நெய்பவர்களானால் இன்னும் நல்லது. கரை அளவை நெசவாளரிடம் முன்கூட்டியே பேசிவிடலாம்.

முதல் மாதிரியை செய்தித்தாளில் மடித்துப் பார்ப்பது செலவில்லாத வேலை. அடுத்தது காடா துணியில். தாளில் நின்றது துணியில் சரியும், எங்கே சரிகிறது என்பது காடாவில்தான் தெரியும். சரியும் இடத்துக்கு உள்ளே ஆர்கன்சாவோ, கேன்வாஸோ கொடுத்துத் தாங்க வேண்டும். உட்கார்ந்து பார்ப்பதையும் மறக்கக் கூடாது. நம்ம கல்யாணத்தில் பெண் நிற்கும் நேரத்தைவிட மணையில் சம்மணம் போட்டு உட்காரும் நேரமே அதிகம். நின்றால் மட்டும் அழகாக இருக்கும் கவுன் ஹோமத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் மூட்டையாகிவிடும். பெரிய விறைப்பு மடிப்பு வேண்டுமானால் ரிசப்ஷனுக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு பாலியஸ்டர் கலந்த துணியே போதும்.

பழைய பட்டு ஏன் மடிப்பில் கிழிகிறது?

பீரோவில் இருபது வருஷம் கிடந்த அம்மாவின் கல்யாணப் புடவையைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். நடுவில் நன்றாக இருக்கும், மடித்த கோட்டில் மட்டும் கத்தியால் கீறியது போல விட்டிருக்கும். ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய மெல்லிய உலோகத் தகடு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடிந்தால் அது விரிசல் விடும், கூடவே உள்ளே இருக்கும் நூலையும் அறுக்கும். பெட்டி மடிப்பு போட்டு, கிளிப் மாட்டி, சூடாக இஸ்திரி வைத்துக் கொடுக்கும் புடவை மடிப்புச் சேவை இப்போது ஊர் ஊருக்கு வந்துவிட்டது. ஒரு நாள் விசேஷத்துக்கு அது வசதிதான். அப்படியே மடித்தபடி பீரோவில் வைப்பதுதான் ஆபத்து.

வெட்டாமல் மடித்துத் தைத்த முகூர்த்தப் புடவைக்கும் இதே கவனம் வேண்டும். கூர்மையான இஸ்திரி மடிப்பை உடலில் மட்டும் வைத்து, ஜரிகை அடர்த்தியான முந்தானையில் மடிப்பை உருண்டையாக விட்டால் ஆயுள் கூடும். இஸ்திரி போடும்போது மேலே ஒரு பருத்தித் துணி கட்டாயம். கல்யாணம் முடிந்து மறுவீடு போய் வந்த வாரத்திலேயே உள்தையல் நூலைப் பிரித்துவிட வேண்டும். தைத்தவரே பிரித்துக் கொடுப்பது நல்லது, அவருக்குத்தான் எந்த மடிப்பில் எத்தனை பிடிப்பு போட்டார் என்று தெரியும். அதற்கு என்ன கூலி என்பதையும் தைக்கக் கொடுக்கும்போதே பேசிவிடலாம். பிரித்த புடவையை நிழலில் ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்புக் கோட்டை மாற்றி மடித்து வைத்தால் போதும்.