மிதவைப் பந்து சொல்லும் வியாபாரப் பாடம்



இன்ஜினியர்கள் 'பின்னூட்டக் கட்டுப்பாடு' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். மளிகைக் கடை நடத்தும் நாம் அன்றாடம் செய்யும் காரியம்தான் அது. அதன் முறை தெரிந்து செய்தால் சரக்கும் முடங்காது, கடனும் முற்றாது.

மாடித் தொட்டியில் மிதக்கும் பந்தைப் பாருங்கள். தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கிக் குழாயைத் திறக்கிறது. நிறைந்தால் ஏறி மூடிவிடுகிறது. 1788-ல் ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்தில் இரண்டு குண்டுகளைச் சுழலவிட்டதும் இதற்காகத்தான். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் ஒடுங்கிக் கூட்டும். இரண்டிலும் நடப்பவை மூன்றே வேலைகள்: உள்ளதை அளப்பது, வேண்டிய அளவோடு ஒப்பிடுவது, வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது.

பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் கடை வைத்திருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். இறால் பட்டால் அரிசி, எண்ணெய், மிளகாய் எல்லாம் ரொக்கத்துக்குப் போகும். வலை வெறுமனே வந்தால் அதே சரக்கு கடன் நோட்டில் ஏறும். கடை கட்டுமுன் இருப்பைப் பார்த்து, இருக்க வேண்டியதோடு ஒப்பிட்டு, மறுநாளுக்குச் சிட்டை எழுதுகிறாரே, அவர்தான் அங்கே மிதவைப் பந்து.

சிக்கல் தாமதத்தில் வருகிறது. சுக்கானைத் திருப்பியவுடன் படகு திரும்பாது. சற்றுப் பொறுத்தே திரும்பும். புதிதாகப் பிடிப்பவர் அவசரப்பட்டு மேலும் திருப்புவார். படகு அளவுக்கு மீறித் திரும்பும். பிறகு எதிர்ப்பக்கம் திருப்புவார். படகு பாம்பாக நெளியும். கொள்முதலும் அப்படியே. நாலு நாள் இறால் பட்டதென்று கடைக்காரர் இரண்டு மூட்டைக்கு நாலு மூட்டை கேட்பார். பத்துக் கடையும் அப்படிக் கேட்டால் மொத்த வியாபாரி ஆலைக்கு இன்னும் கூட்டி எழுதுவார். லோடு வந்து இறங்கும்போது மீன்பாடு குறைந்திருக்கும். அரிசியில் வண்டு விழும், வெங்காயம் முளைவிடும். மறுமாதம் பயந்து குறைத்து எழுதினால், கேட்டு வருபவருக்குச் சரக்கு இராது.

வித்தியாசத்தைக் குறைக்காமல் மேலும் பெருக்கும் வகையும் உண்டு. ஏரியின் முகத்துவாரத்தைப் பாருங்கள். கடல்நீர் ஏற்றத்திலும் வற்றத்திலும் போய்வரும் வேகம்தான் மணலை அரித்து வழியைத் திறந்து வைக்கிறது. வேகம் குறைந்தால் மணல் படியும்; மணல் படிந்தால் வேகம் மேலும் குறையும். கடைசியில் வழி அடைபடும். இறாலும் மீனும் ஏரிக்குள் வருவது தடைபடும். பிறகு வெள்ளம் வந்து உடைக்க வேண்டும், அல்லது நாம் தோண்ட வேண்டும்.

கடன் பாக்கியும் இப்படிப் படியும் மணல்தான். பாக்கி ஏறினால் வாடிக்கையாளர் கூச்சப்பட்டு வேறு கடைக்குப் போவார். ரொக்கம் அங்கே போகும். பாக்கி இங்கே நிற்கும். ரொக்கமில்லாமல் சரக்கைக் குறைத்த கடைக்கு மற்றவர்களும் வரமாட்டார்கள்.

2016 நவம்பரில் உப்புத் தட்டுப்பாடு என்ற வதந்தி வட மாநிலங்களில் பரவியபோதும் இதுவே நடந்தது. கூட்டத்தைக் கண்டு மேலும் கூட்டம் கூடியது; விலை பல மடங்கு ஏறியது. உண்மையில் நாட்டில் உப்புக்குப் பஞ்சமே இல்லை.

ஆகவே சில யோசனைகள்:

1. இருப்பையும் பாக்கியையும் குறித்த நாளில் தவறாமல் பாருங்கள். வழியில் வரும் சரக்கையும் இருப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. குறைவு முழுவதையும் ஒரே சிட்டையில் ஈடுகட்ட வேண்டாம். பாதியை எழுதி, ஒரு வாரம் விற்பனையைப் பார்த்து மீதியை எழுதுங்கள்.

3. வீட்டுக்கு வீடு கடனுக்கு வரம்பு வையுங்கள். மீன்பாடு உள்ள நாளிலேயே சிறு தொகையானாலும் வரவு வையுங்கள். முகத்துவாரம் அடைபட்ட பின் கேட்டால் பணம் வராது, மனக்கசப்புதான் மிஞ்சும்.

4. மொத்த வியாபாரிகளாகிய நாங்கள், 'எவ்வளவு வேண்டும்' என்பதோடு 'எவ்வளவு விற்றது' என்றும் கேட்க வேண்டும். சில்லறை வியாபாரிகள் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

மணல் கொஞ்சமாக இருக்கும்போதே அள்ளிவிட்டால் மண்வெட்டி ஒன்றே போதும்.