வெயில் நாளில் நம் வீட்டுப் பசு



தோட்டத்தில் ஒரு கறவைப் பசு என்பது ஒரு குடும்பத்தின் சேமிப்பு. மகளின் பள்ளிச் சீருடையும், மகனின் பஸ் கட்டணமும், மழையில் மரம் வெட்ட முடியாமல் சம்பளம் குறைந்த மாதத்தின் கடைக் கணக்கும் எத்தனையோ வீடுகளில் அந்தப் பசுவின் மடியிலிருந்துதான் வந்திருக்கின்றன. பசுவுக்குக் கோமாரி வந்தால் பதறுகிறோம். வயிறு உப்பினால் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். ஆனால் ஓசைப்படாமல் பாலைக் குறைத்து, சினை பிடிக்க விடாமல் செய்து, சில வேளைகளில் உயிரையே கொண்டு போய்விடும் ஒன்றை நாம் நோயாகவே எண்ணுவதில்லை. அதுதான் வெப்பம். வெயில் நாளில் மாட்டை எப்படிக் குளிர்ச்சியாக வைத்திருப்பது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

"நம் நாட்டில் வெயில் என்ன புதிதா? மாடு பழகிக் கொள்ளாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். பழகும் வெயிலும் உண்டு, பழக முடியாத வெயிலும் உண்டு. 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் வெப்பம் 40.1 பாகை செல்சியசைத் தொட்டது. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெயில் தாங்காமல் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் பள்ளிகளையே மூடினார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்தது. முளைக்குச்சியில் கட்டிய மாட்டுக்கு விடுமுறை ஏது?

முதலில், மாட்டுக்கு ஏன் நம்மைவிட வெப்பம் கடுமையாகத் தெரிகிறது என்று பார்ப்போம்.

நமக்கு உடம்பு சூடானால் வியர்க்கிறது. வியர்வை காயும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. குதிரையும் நம்மைப் போலத்தான். பந்தயத்தில் ஓடி முடித்த குதிரையின் கழுத்திலும் தொடையிலும் வெள்ளை நுரை படிந்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது அதன் வியர்வையே. ஆனால் மாட்டுக்கு வியர்வை மிகக் குறைவு. அதனால் அது மூச்சை வேகமாக விட்டே சூட்டை வெளியேற்றப் பார்க்கிறது. மாடு இளைக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

மாட்டின் துன்பத்துக்கு இன்னொரு காரணம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. மாட்டுக்கு நான்கு அறைகள் கொண்ட இரைப்பை. அவற்றில் பெரிய அறை, பெரிய பசுவுக்கு நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். தின்ற புல் அங்கே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால் புளிக்க வைக்கப்படுகிறது. புளிக்கும் மாவுப் பானையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் அல்லவா? அதுபோல, மாடு தன் வயிற்றுக்குள் ஓர் அடுப்பைச் சுமந்துகொண்டு நிற்கிறது. வெளியே வெயில், உள்ளே அடுப்பு. இரண்டுக்கும் நடுவில் அது தன் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 38.5 பாகையில் வைத்துக்கொள்ளப் போராடுகிறது. நன்றாகத் தின்று நிறையப் பால் தரும் பசுவுக்கு அடுப்பு இன்னும் பெரிது. ஆகவே, வெயிலில் முதலில் தவிப்பது நம் நல்ல கறவைப் பசுதான்.

எல்லா மாடுகளுக்கும் இந்தத் துன்பம் ஒரே அளவில் இல்லை. திமிலும் தொங்கும் அலைதாடியும் மெல்லிய குட்டை மயிரும் உடைய நாட்டு மாடுகள் வெப்பத்தை ஓரளவு தாங்கும். கறுப்பும் வெள்ளையுமான பிரீசியன் மாட்டின் பூர்வீகமோ குளிர்நாடாகிய ஹாலந்துப் பகுதி. வெப்பம் 25 பாகையைத் தாண்டினாலே அதற்குச் சங்கடம் தொடங்கிவிடும். பஞ்சாப் பகுதியின் சாஹிவால் இனத்தோடு பிரீசியனைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பின மாடுகள் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதும் இதனால்தான்: பாலும் வேண்டும், வெயிலையும் தாங்க வேண்டும். உங்கள் பசுவில் பிரீசியன் இரத்தம் எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு கூடுதலான கவனம் தேவை.

வெப்பத்தால் வரும் நட்டம் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. மாடு தீனியைக் குறைத்துக்கொள்ளும். ஓரிரு நாள் கழித்துப் பால் குறையும். அதற்குள் வானம் மூடி மழைகூடப் பெய்திருக்கலாம். நாமோ கண்ணேறு பட்டது என்று சுற்றிப் போடுவோம், அல்லது புல் சரியில்லை என்போம். அதைவிடப் பெரிய நட்டம் சினையில். வெப்பத்தால் வாடிய பசு பருவத்துக்கு வந்தாலும் அதன் அறிகுறிகள் மங்கலாகவே தெரியும். பெரும்பாலும் இரவில், நாம் உறங்கும் நேரத்தில் வந்து போய்விடும். சினை ஊசி போட்டாலும் அடுத்த சில நாட்களில் உடம்பு கொதித்தால் கரு தங்காமல் போகலாம். ஒரு பருவம் தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரத் தீனிச் செலவு யாருடையது?

மாட்டுக்கு வாயில்லை, ஆனால் அதன் விலா பேசும். மாடு அமைதியாக நிற்கும்போது அதன் விலாப்பக்கம் ஏறி இறங்குவதைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். சாதாரணமாக 20 முதல் 40 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் மாட்டுக்கு வெப்பம் தாங்கவில்லை என்று பொருள். 80-ஐத் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும். 120-ஐ நெருங்கி, வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, எச்சில் ஒழுக நின்றால் உயிருக்கே ஆபத்து. இந்த எண்ணிக்கையை நான்காம் ஆண்டுப் பிள்ளையும் எடுக்க முடியும். கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு உண்டா?

இனி, செய்ய வேண்டியவற்றைக் காண்போம்.

முதலாவது நிழல். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். மர நிழலுக்கு ஈடான நிழல் இல்லை. இலைகள் நீராவியை வெளியிடுவதால் அதன் அடியில் காற்றே குளிர்ந்திருக்கும். ஆனால் நிழல் நகரும் என்பதை மறந்துவிடலாகாது. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள், காலை நிழல் விழப்போகும் மேற்குப் பக்கத்தில் மாட்டைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு நிழல் கிழக்குப் பக்கம் போயிருக்கும். மாடோ கயிற்றின் எல்லையில் வெட்டவெளியில் நிற்கும். ஆகவே காலையில் கட்டும்போதே பிற்பகலை நினைத்து, மரத்தின் கிழக்குப் பக்கத்தில் முளையடியுங்கள். காலை வெயில் பொறுக்கக்கூடியது. பிற்பகல் வெயில்தான் கொல்வது.

கொட்டகையில் கட்டுபவர்கள் கூரையைக் கவனிக்க வேண்டும். தாழ்வான தகரக் கூரையின் அடியில் நிற்பது மூடிய சட்டிக்குள் நிற்பதைப் போன்றது. கூரை பத்தடி உயரத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. இருக்கும் கூரையை உயர்த்த வசதி இல்லாதவர்கள், தகரத்தின் மேல் அத்தாப்போ செம்பனை ஓலையோ பரப்பலாம். வெள்ளைச் சாயம் பூசினாலும் சூடு குறையும்.

இரண்டாவது தண்ணீர். கறவைப் பசு சாதாரண நாளில் 40 முதல் 60 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் நிறையப் பால் தரும் பசுவுக்கு 100 லிட்டர்கூடத் தேவைப்படும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தானே! காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்பது போதவே போதாது. பாதியாக வெட்டிய பீப்பாயை நிழலில் வைத்து, நாள் முழுவதும் தண்ணீர் இருக்கும்படி செய்யுங்கள். வெயிலில் கிடந்து கொதித்த தண்ணீரை மாடு விரும்பாது. பாசி படிந்த தண்ணீரும் அப்படியே. அருகில் ஓர் உப்புக்கட்டியைத் தொங்கவிட்டால், இழந்த உப்பை மாடு தானே நக்கி ஈடு செய்துகொள்ளும்.

மூன்றாவது காற்று. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. துவைத்த துணி காற்றடித்தால் காய்கிறது. காற்றில்லாமல் மூடம் போட்டிருந்தால் காய்வதில்லை. மாட்டின் உடம்பும் கொடியில் போட்ட துணியைப் போன்றதுதான். கொட்டகையின் பக்கங்களைப் பலகையாலும் சாக்காலும் அடைத்துவிட்டு உள்ளே தண்ணீரைத் தெளித்தால், கொட்டகை இட்லிப் பானையாகிவிடும். முதலில் பக்கங்களைத் திறந்துவிடுங்கள். மின்சார வசதி இருந்தால் ஒரு மின்விசிறியும் உதவும். அதன் கம்பியும் சுவிட்சும் மாட்டுக்கும் தண்ணீருக்கும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது குளிப்பாட்டுதல். பெயருக்குத் தெளிக்கும் நீர் மயிரின் நுனியில் முத்துப்போல நின்றுவிடும், பயன் இல்லை. தோல் நனையும்படி ஊற்ற வேண்டும். பிறகு காற்றில் காய விட வேண்டும். காய்ந்ததும் மறுபடி ஊற்றலாம். நனைத்த சாக்கை முதுகில் போர்த்தும் பழக்கம் நல்லதன்று. சற்று நேரத்தில் சாக்கு சூடேறி, உடம்பின் வெப்பம் வெளியேறாமல் தடுத்துவிடும்.

"சூடான உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சன்னி கண்டுவிடும், தசை பிடித்துக்கொள்ளும்" என்ற அச்சம் நம்மிடையே உண்டு. குதிரை வளர்ப்பவர்களிடமும் இதே அச்சம் நெடுங்காலம் இருந்தது. 1996-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. அங்கே கோடையில் வெயிலும் கடுமை, காற்றில் ஈரமும் மிகுதி. குதிரைகள் தாங்குமா என்று விஞ்ஞானிகள் முன்கூட்டியே ஆராய்ந்தனர். ஓடிக் களைத்த குதிரையின் உடம்பெங்கும் குளிர்ந்த நீரை மீண்டும் மீண்டும் ஊற்றினார்கள். தசைக்குத் தீங்கு வரவில்லை. வெப்பம் விரைவாகத் தணிந்தது. குதிரைக்குக் கண்ட இந்தப் பாடம் மாட்டுக்கும் பொருந்தும். இளைத்து நிற்கும் மாட்டுக்கு நீர் ஊற்ற நாம் அஞ்ச வேண்டியதில்லை.

ஐந்தாவது தீனி கொடுக்கும் நேரம். தின்ற சில மணி நேரத்துக்குப் பிறகுதான் வயிற்று அடுப்பு நன்றாக எரியும். காலை பத்து மணிக்கு வயிறு நிறைய முற்றிய புல்லைப் போட்டால், நண்பகல் வெயிலும் வயிற்றுச் சூடும் ஒன்றுசேர்ந்து மாட்டை வாட்டும். தீனியில் பாதிக்கு மேல் மாலை மங்கிய பின் கொடுங்கள். மீதியை விடியுமுன் கொடுக்கலாம். வெயில் நாளில் முற்றிய தண்டுப் புல்லைவிட இளம்புல் நல்லது. அதை நறுக்கிப் போட்டால் இன்னும் நல்லது. புண்ணாக்கும் தவிடும் பால் கறக்கும் குளிர்ந்த வேளைகளில் இருக்கட்டும்.

இரவையும் நாம் கவனிக்க வேண்டும். பகலில் உடம்பில் சேர்ந்த சூட்டை மாடு இரவில்தான் கழிக்கிறது. அந்த நேரத்தில் கொசுவுக்குப் பயந்து கொட்டகையைச் சாக்கால் மூடி, விடிய விடியப் புகை போட்டால், மாடு சூட்டோடு சூடாக அடுத்த நாள் வெயிலைச் சந்திக்கிறது. அந்தி நேரத்தில் கொஞ்சம் புகை போடுங்கள். பிறகு காற்றுக்கு வழி விடுங்கள். சாக்குக்குப் பதில் வலை கட்டினால் கொசுவும் வராது, காற்றும் நிற்காது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மாடு தள்ளாடினாலோ, வாய் திறந்து இளைத்தாலோ, அசை போடாமல் நின்றாலோ காலம் தாழ்த்தலாகாது. முதலில் நிழல். அடுத்து கழுத்து, நெஞ்சு, விலா, உள்தொடை எங்கும் நிறைய நீர். அதனோடு விசிறல். குடிக்கத் தண்ணீரை எதிரில் வையுங்கள். வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். மூச்சிரைக்கும் மாட்டுக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும். நீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பட்டும்.

இவற்றுள் பெரும்பாலானவை பணச் செலவு இல்லாதவை. முளையடிக்கும் இடத்தை மாற்றுவதற்குக் காசு வேண்டாம். தீனி நேரத்தை மாற்றுவதற்கும் வேண்டாம். பெற்றோர் வெயில் உச்சியில் வெளிக்காட்டில் இருக்கும்போது, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் இரண்டு காரியம் செய்யலாம்: பீப்பாயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது, விலாவின் ஏற்ற இறக்கத்தை எண்ணுவது. எண்ணிக்கை 60-ஐத் தாண்டினால் அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரை அழைத்து மாட்டை நிழலுக்கு மாற்றச் சொல்லலாம். பிள்ளைகள் தாமாகவே கயிற்றை அவிழ்க்க வேண்டாம். தவிக்கும் மாடு முட்டவும் கூடும்.

மாட்டுப் பொங்கலன்று நாம் பசுவுக்குக் குளிப்பாட்டி, பொட்டிட்டு, மாலை சூட்டி நன்றி சொல்கிறோம். மற்ற நாட்களில் ஒரு பீப்பாய்த் தண்ணீரும் நகராத நிழலும் கொடுத்தால், அந்த நன்றியைப் பசுவும் உணரும்.