பசுமைக் கடனும் கைத்தொலைபேசியும்: கையொப்பம் இடுமுன்

போர் ஓய்ந்து ஊர் திரும்பிய எமது குடும்பங்களைப் பின்தொடர்ந்து நுண்கடன் கம்பனிகளும் படுவான்கரைக்கு வந்தன. காணி உறுதி கேட்கவில்லை. பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும் என்றார்கள். இடம்பெயர்ந்த ஓட்டத்தில் உறுதியையும் ஒப்பத்தையும் தொலைத்தவர்களுக்கு அது பெரிய உதவியாகவே தெரிந்தது.

கணக்கோ வேறு. 50,000 ரூபா, 52 வாரம், வட்டி 24 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டி முடிப்பது 62,000. வாரத்துக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. முதல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத்தொகைக்கே போடப்படுவதால், உண்மை வட்டி 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். இன்னொன்றும் உண்டு. மாரி வேளாண்மை விதைத்து வெட்ட ஏறத்தாழ நாலு மாதம். அதற்குள் பதினாறு, பதினேழு தவணைகள், வீட்டில் நெல்லில்லாத நேரத்தில்! பழைய போடியார்கூடச் சூடடிக்கும்வரை பொறுத்திருந்தார். (களத்தில் அவர் அளந்து எடுத்ததை நாம் மறந்துவிடவில்லை.) 2018இல் அரசு, வறட்சி கண்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றுக் கட்ட முடியாதிருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அவ்வாண்டு இறுதியில் மத்திய வங்கி நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதித்தது.

சிறுகடன் நல்லதற்கும் உதவும். சிலாபத்திலிருந்து இயங்கும் சுதீச நிறுவனமும் அமெரிக்காவின் சீகொலொஜியும் அரசும் 2015இல் ஒரு திட்டம் தொடங்கின: களப்புக்கரைப் பெண்கள் 15,000 பேருக்குப் பயிற்சியும் சிறுகடனும், பதிலுக்கு அவர்கள் கண்டல் காட்டைக் காக்க வேண்டும். கண்டல் வேர்களுக்கிடையேதான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன என்பதை எமது வாவிக்கரையாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எவ்வெவ் வேலைக்குப் ‘பசுமை’ என்ற பெயர் பொருந்தும் என்று மத்திய வங்கியும் 2022இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. ஆனால் பசுமை என்ற பெயர் வட்டியைக் குறைத்துவிடாது.

கைத்தொலைபேசிக் கதையும் இப்படித்தான். 2012இல் டயலொக்கின் ஈசி காஷ் வந்தபின், பணம் அனுப்ப நகரத்துக்கு ஓடும் அலைச்சல் குறைந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த அலைச்சலில் பாதை ஏறி வாவியைக் கடப்பதும் சேர்ந்திருந்தது. ஆனால் சில நிமிடத்தில் கடன் தரும் தொலைபேசிக்கு உங்கள் வட்டை வெள்ளத்தில் கிடப்பது தெரியாது. தவணை நாளில் அது பொறுக்காது.

ஆகவே கடன் பசுமையா, தொலைபேசியா என்று பார்க்குமுன், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அறுவடைக்குப் பின் கட்டலாமா என்றும் கேளுங்கள். பக்கத்தில் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் இருந்தால், இதே இரண்டு கேள்வியையும் முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.