உறவா, கையொப்பமா?



அண்ணன் பெற்ற கிரெடிட் கார்டின் கணக்கில் தம்பிக்கும் ஓர் அட்டை வாங்கிக் கொடுப்பது நகரத்துக்கு வந்த நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் கடை நடத்தும் தம்பி நஷ்டமடைந்து, நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இனி வங்கி நம்மைக் கேட்காது என்று அண்ணன் எண்ணலாமா? எண்ணலாகாது. சட்டம் இரத்த உறவைப் பார்ப்பதில்லை, கையொப்பத்தையே பார்க்கிறது.

முதலாவது, 'ஆட்-ஆன்' எனப்படும் துணை அட்டை. இதனால் உண்டாகும் கடனுக்கு முதன்மை அட்டைதாரரே பொறுப்பு என்ற நிபந்தனையுடன்தான் இதை வழங்க வேண்டும் என 2022-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி விதித்தது. ஆகவே தம்பி ரூ.50,000 செலவழித்திருந்தால் அதை அண்ணனே கட்ட வேண்டும். மாறாக, அண்ணன் நொடித்துப்போனால், துணை அட்டை வைத்திருந்த ஒரே காரணத்துக்காகத் தம்பி கடனாளியாவதில்லை.

இரண்டாவது, கூட்டாகக் கையொப்பமிட்ட கடனும் ஜாமீனும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 43-ஆம் பிரிவின்படி, கூட்டாகப் பொறுப்பேற்றவர்களில் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்புக்குச் சமமே என்கிறது 128-ஆம் பிரிவு. 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டப்படி நீதிமன்றம் திவாலானவரைக் கடனிலிருந்து விடுவித்தாலும், அவரோடு கையொப்பமிட்டவரும் ஜாமீன்தாரரும் விடுபடுவதில்லை. கட்டிய பணத்தை உறவினரிடம் திரும்பக் கோரும் உரிமை ஜாமீன்தாரருக்கு உண்டு; ஆனால் நொடித்தவரிடம் கிடைப்பது என்ன?

மூன்றாவது, எதிலும் கையொப்பமிடாத உறவினர். தகப்பன், மனைவி, சகோதரன் என்பதனால் மட்டும் ஒருவர் கடனுக்குப் பொறுப்பாளியாவதில்லை. வசூலிக்க வருவோர் குடும்பத்தாரை மிரட்டுவதையும் பலர் முன் அவமானப்படுத்துவதையும் ரிசர்வ் வங்கி தடைசெய்துள்ளது. அப்படி நேர்ந்தால் வங்கியிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகுங்கள்.

உறவினர் தடுமாறத் தொடங்கும்போதே துணை அட்டையை ரத்துசெய்ய எழுதிக் கொடுத்து, அத்தாட்சி பெறுங்கள். பழைய கடன் அதனால் நீங்காது. புதிய கடன் சேராது.

பிணைப்படுதலைக் குறித்து நீதிமொழிகள் பலமுறை எச்சரிக்கிறது. ஒநேசிமுவின் கடனையோ பவுல் தம் கையெழுத்தாலேயே ஏற்றுக்கொண்டார். பிறருக்காகக் கையொப்பமிடுவது தவறன்று. முழுத் தொகையையும் நாமே செலுத்த நேரிடும் என்று அறிந்து, அதற்கு மனமும் பெலனும் உண்டா என்று கணக்குப் பார்த்தபின் பேனாவை எடுப்போமாக.